நியாயம் கேட்டவளுக்கு விதி

பைகிராப்ட்ஸ் ரோட்டைப் பாரதி சாலை என்று மாற்றி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. மகாகவியின் பெயரைச் சொல்வதில் ஒரு திருவல்லிக்கேணிக்காரனுக்கு என்ன ஆட்சேபணை இருக்க முடியும்? இருந்தாலும் என் நாக்குக்குப் பழைய பெயர்தான் பழக்கம். அந்தச் சாலையின் நடைபாதையில் இருக்கும் பழைய புத்தகக் கடைகளை வாரத்துக்கு ஒரு முறையாவது பார்க்காவிட்டால் எனக்குச் சாப்பாடு செரிக்காது.

சென்ற மாதம் ஒரு நாள் மாலை அப்படிக் குனிந்து கிளறிக்கொண்டிருந்தபோது, புத்தகக் குவியலுக்கு அடியிலிருந்து ஓர் ஒலிநாடாப் பெட்டி அகப்பட்டது. மேலட்டை வெளுத்துப் போயிருந்தது. ஆனாலும் எழுத்து தெரிந்தது: 'விதி', கதை வசனம்.

"எவ்வளவுப்பா?"

"இருபது ரூபா கொடுங்க சார். ஆமா, இதைப் போட்டுக் கேக்க வீட்டுல மெஷின் இருக்கா?"

"இல்லை."

"அப்புறம் எதுக்கு சார் வாங்கறீங்க?"

"கேட்கிறதுக்கு இல்லேப்பா. சண்டை போடறதுக்கு."

கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சில்லறையைக் கொடுத்தார். அந்தச் சண்டையைத்தான் இப்போது வாசகர்கள் முன்னிலையில் போடப் போகிறேன்.

முதலில் ஒரு வாக்குமூலம். 'விதி' எனக்குப் பிடித்த படம். பிடித்த படம் என்று சொன்னால் போதாது. என் பிள்ளைப் பிராயத்தின் ஒரு பகுதி அது. படம் வெளிவந்தது 1984-இல். அப்போது நான் கைக்குழந்தையிலிருந்து சற்றே பெரியவன். ஆனால் படம் கொட்டகையை விட்டுப் போன பிறகும் அதன் வசனம் எங்கள் தெருவை விட்டுப் போகவில்லை. எனக்கு எட்டு ஒன்பது வயதாகும்போது கூட முனைத் தேநீர்க் கடையில் சாயங்காலம் விளக்கு வைத்ததும் அந்த ஒலிநாடா சுழல ஆரம்பித்துவிடும். கோர்ட்டுக் காட்சி வந்ததென்றால் கையில் இருக்கும் தேநீர் ஆறிப்போவது தெரியாமல் நிற்பார்கள். படத்தைக் காதால் பார்த்த தலைமுறை எங்களுடையது.

நாங்கள் குடியிருந்தது பன்னிரண்டு குடித்தனங்கள் சேர்ந்த ஒரு பழைய வீட்டில். முற்றத்தில் பிள்ளைகள் நாங்கள் கோர்ட்டு விளையாடுவோம். முக்காலி போட்டு ஒருவன் நீதிபதி. பருப்பு மத்துதான் அவன் கைச் சுத்தியல். நம் நாட்டு நீதிமன்றங்களில் நீதிபதிகள் சுத்தியலால் தட்டுகிற வழக்கமே இல்லை என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது! தோளில் துண்டைத் தொங்கவிட்டுக்கொண்டால் வக்கீல். எல்லோருக்கும் ஜெய்சங்கர் ஆக வேண்டும். அந்தக் குறுக்கு விசாரணையைச் செய்ய வேண்டும். அதற்காக அடிதடியே நடக்கும். கூண்டில் ராதாவாக வந்து நிற்பதற்கு மட்டும் ஒருவரும் முன்வர மாட்டார்கள். கடைசியில் கூட்டத்திலேயே சின்னப் பெண்ணாகப் பார்த்து, கமர்கட்டு வாங்கித் தருவதாகச் சொல்லி நிறுத்துவோம். அந்தக் குழந்தை அழுகிற வரைக்கும் கேள்வி கேட்போம்.

நாற்பது வயதைத் தாண்டிய பிறகு சென்ற மாதம் அந்தப் படத்தை மறுபடியும் பார்த்தேன். இந்த முறை கைப்பேசியில். என் அண்ணன் மகள் போட்டுக் கொடுத்தாள். பார்த்து முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. படம் மோசமாக இருந்ததால் அல்ல. இன்றைக்கும் அது நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் என் கவலை.

*

கதையை மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பணக்கார வீட்டுப் பையன் ஒருவன். மோகன் நடித்தார். கலியாணம் செய்துகொள்வதாக ஆசை வார்த்தை சொல்லி ராதா என்ற பெண்ணை ஏமாற்றுகிறான். ராதாவாக வந்தவர் பூர்ணிமா. அவள் கர்ப்பமானதும் கை கழுவிவிடுகிறான். அவனுடைய தகப்பனார் ஊரறிந்த வக்கீல், அவர்தான் ஜெய்சங்கர். நாதியற்று நிற்கும் ராதாவுக்காகக் கோர்ட்டில் வாதாட ஒரு பெண் வக்கீல் வருகிறார். சுஜாதா நடித்த அந்த வேடத்தை யார் மறக்க முடியும்? மகனுக்காகத் தகப்பனும், ராதாவுக்காக அந்த அம்மாளும் எதிரெதிரே நிற்கிறார்கள். இந்த இடத்தில்தான் கதையின் முடிச்சு அவிழ்கிறது. அந்தப் பெண் வக்கீலும் இளமையில் இதே போல் வஞ்சிக்கப்பட்டவர். வஞ்சித்தவர் வேறு யாருமல்ல, எதிரே கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு நிற்கிற அந்தத் தகப்பனாரேதான்.

கே. பாலாஜி தயாரித்து, கே. விஜயன் இயக்கி, ஆரூர்தாஸ் வசனம் எழுதிய படம். இது தமிழில் பிறந்த கதை அல்ல. 1981-இல் தெலுங்கில் சிரஞ்சீவியும் ராதிகாவும் சாரதாவும் நடித்து வெளிவந்த படத்தைத் தழுவியது. அந்தத் தெலுங்குப் படத்துக்கு மூலம் ஒரு நாவல். எழுதியவர் டி. காமேஸ்வரி என்ற தெலுங்கு எழுத்தாளர். தமிழுக்கு முந்தி 1983-இல் மிதுன் சக்கரவர்த்தியும் ரதி அக்னிஹோத்ரியும் ரேகாவும் நடித்து இந்தியிலும் இதே கதை வந்துவிட்டது.

இப்போது பெயர்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். என் சண்டை அங்கேதான் ஆரம்பமாகிறது.

நாவலின் பெயர் 'கொத்த மலுப்பு'. 'புதிய திருப்பம்' என்று பொருள். தெலுங்குப் படத்தின் பெயர் 'நியாயம் காவாலி'. 'நியாயம் வேண்டும்' என்று பொருள். இந்திப் படத்தின் பெயர் 'முஜே இன்சாஃப் சாஹியே'. 'எனக்கு நீதி வேண்டும்' என்று பொருள். அதே பெண், அதே குழந்தை, அதே கோர்ட்டு, அதே கேள்வி. தமிழ்நாட்டு எல்லைக்குள் வந்ததும் அதற்கு நாம் வைத்த பெயர் 'விதி'!

ஆந்திரத்தில் அவள் நியாயம் கேட்டாள். வடக்கே நீதி கேட்டாள். தமிழ்நாட்டுக்கு வந்ததும் நாம் அவள் தலையைத் தடவி, "என்னம்மா செய்வது, உன் விதி" என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

இதை நான் சொன்னதும் என் வக்கீல் நண்பர் ஒருவர் சிரித்தார்.

"ஏன் சார், விதின்னா தலையெழுத்து மட்டும்தானா? சட்டவிதி, நடைமுறை விதி, விதிமுறை எல்லாம் இல்லையா? கோர்ட்டுக் கதைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? சிலேடையாகத்தான் வச்சிருப்பாங்க."

நண்பர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தமிழில் அந்தச் சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு. ஆனால் தேநீர்க் கடையில் நின்று கேட்டவர்களின் காதில் எந்த முகம் விழுந்தது என்பதுதான் என் கேள்வி. 'விதி' என்று கேட்டதும் கிரிமினல் புரொசீஜர் கோடு ஞாபகத்துக்கு வந்த ஒரே ஒரு மனிதரை அவர் காட்டட்டும். என் கட்சியை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பெரியதெரு முனையிலும் பார்த்தசாரதி கோயில் மாட வீதியிலும் 'விதி' என்றால் நெற்றியைத் தொட்டுக் காட்டுகிறார்களே தவிர, சட்டப் புத்தகத்தைக் காட்டுவதில்லை.

"பெயரில் என்ன இருக்கிறது?" என்று வேறு சிலர் கேட்கலாம். கதாசிரியனிடம் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். ஒரு கதைக்குப் பெயர் வைக்கும்போதுதான் அதன் குற்றவாளி யார் என்று எழுத்தாளன் தீர்மானிக்கிறான். 'நியாயம் வேண்டும்' என்றால் அதைக் கொடுக்க வேண்டியவன் ஒருவன் இருக்கிறான். கொடுக்காதவன் ஒருவன் இருக்கிறான். 'விதி' என்றால் ஒருவரும் இல்லை. ஏமாற்றிய பையனும் விதியின் கைப்பொம்மை, அவனைப் பெற்றவரும் கைப்பொம்மை, அவளும் கைப்பொம்மை. எல்லோரும் பொம்மைகளான பிறகு எந்தப் பொம்மைக்குத் தண்டனை கொடுப்பது?

*

இந்தத் தந்திரம் புதிதும் அல்ல.

நம் தேசத்தின் மிகப் பழைய ஜீவனாம்ச வழக்கு எது என்று கேட்டால் சகுந்தலையின் வழக்கு என்பேன். வியாசருடைய பாரதத்தில் அவள் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு துஷ்யந்தனின் சபைக்கு வருகிறாள். அவனுக்கு எல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. இருந்தும், "நீ யாரோ, எனக்குத் தெரியாது" என்று சொல்கிறான். பச்சைப் பொய். அவள் அழுதுகொண்டு திரும்பிப் போகவில்லை, நின்று வாதாடுகிறாள். கடைசியில் அசரீரி எழுந்து சாட்சி சொல்கிறது.

பிறகு மகாகவி காளிதாசன் வருகிறான். அவனுடைய நாயகன் பொய்யனாக இருந்தால் நாடகம் சோபிக்குமா? ஆகையால் துர்வாசரைக் கூப்பிட்டு ஒரு சாபத்தைக் கொடுக்கச் சொல்கிறான். மன்னன் பொய் சொல்லவில்லை, மறந்துபோனான். மறந்ததும் அவன் குற்றமில்லை, சாபத்தின் குற்றம். எவ்வளவு அழகான கவிதை! எவ்வளவு சௌகரியமான கவிதை! ஓர் ஆண் செய்த வஞ்சகம் ஒரு முனிவரின் கோபமாக மாறிவிட்டது. 'நியாயம் வேண்டும்' என்பது 'விதி' ஆனதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

தமிழனுக்கு வேறு முன்மாதிரி கிடையாதா என்றால், உண்டு. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. சிலப்பதிகாரத்தில் ஊழ்வினை இல்லையா? காப்பியத்தின் மூன்று உண்மைகளில் அதுவும் ஒன்று என்று இளங்கோவடிகளே வைத்திருக்கிறார். ஆனால் பாண்டியன் சபையில் கண்ணகி வந்து நிற்கும்போது ஊழைப் பற்றி அங்கே முறையிடவில்லை. சிலம்பைப் பற்றிப் பேசினாள். "உன் அரசியின் சிலம்பில் என்ன பரல்?" என்பதுதான் வழக்கு. அரசியின் சிலம்பில் முத்து; இவள் சிலம்பில் மாணிக்கம். உடைத்தாள், காட்டினாள், ஜெயித்தாள். தமிழ் இலக்கியத்தின் மிகப் பெரிய கோர்ட்டுக் காட்சியில் தீர்ப்பைச் சொன்னது தடயப் பொருள். அப்படிப்பட்ட கண்ணகியின் தமிழில்தான், பதினெட்டு நூற்றாண்டு கழித்து என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பெண்ணின் வழக்குக்கு 'விதி' என்று பெயர் வைத்தோம்.

படத்தில் ராதாவின் பக்கம் இருக்கும் மிகப் பெரிய பலம் என்ன? அவளுக்காக வாதாட வந்தவர், எதிரியின் தகப்பனாலேயே வஞ்சிக்கப்பட்டவராக அமைந்துபோனது. சென்னைப் பட்டணத்தில் எத்தனை ஆயிரம் வக்கீல்கள்! அவர்களில் இந்த ஒருவர் அவளுக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம். கிடைக்காமல் போயிருந்தால்? வழக்கமான ஒரு வக்கீல், வழக்கமான பீஸ், வழக்கமான வாய்தா என்று போயிருந்தால்? அந்தப் பெண்ணின் கதி என்ன? இதைப் படம் கேட்கவில்லை. தேநீர்க் கடையும் கேட்கவில்லை.

நாவலிலிருந்து வந்த கோர்ட்டுப் படங்கள் எல்லாமே இப்படித்தான் இருக்க வேண்டுமா? அமெரிக்காவில் மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஜான் வோல்கர் என்பவர் ராபர்ட் டிரேவர் என்ற புனைபெயரில் 'அனாடமி ஆஃப் எ மர்டர்' என்று ஒரு நாவல் எழுதினார். 1958-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே ஆட்டோ பிரமிங்கர் அதைப் படமாக எடுத்தார். உண்மையான கோர்ட்டுக் கட்டடத்துக்குள்ளேயே படம் பிடித்தார்கள். நீதிபதி வேடத்துக்கு நடிகரைத் தேடாமல், ஜோசப் வெல்ச் என்ற நிஜ வக்கீலைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அந்தப் படத்திலும் ஒரு பெண் கூண்டில் நின்று மானத்தை விலை பேசும் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறாள். ஆனால் வக்கீலின் பழைய காதலோ, தொலைந்துபோன தங்கையோ வந்து வழக்கை முடித்து வைப்பதில்லை. விடுதலையான ஆசாமி கடைசியில் வக்கீலுக்குப் பீஸ் கூடக் கொடுக்காமல் கம்பி நீட்டிவிடுகிறான்! நியாயம் கிடைத்ததா, சட்டம் ஜெயித்ததா என்று யோசித்துக்கொண்டே நாம் எழுந்து வருகிறோம். 'விதி'யைப் பார்த்துவிட்டு எழுந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். அந்த நிம்மதி யாருடைய செலவில் கிடைத்தது என்பதைத்தான் இனிச் சொல்ல வேண்டும்.

*

நாங்கள் முற்றத்தில் கோர்ட்டு விளையாடிய அதே வீட்டில், மாடியில் ஓர் அக்கா குடியிருந்தார். தாயார் மட்டும் துணை. ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டு வேலை. உடன் வேலை பார்த்த ஒருவன் கலியாணம் செய்துகொள்வதாகக் கோயில் சந்நிதியில் கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்திருக்கிறான். மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. பெண் குழந்தை பிறந்தது. அவன் வேறு ஊரில் வேறு இடத்தில் தாலி கட்டினான்.

அக்கா கோர்ட்டுக்குப் போனார். எந்தக் கோர்ட்டு என்பது இந்தக் கட்டுரைக்கு அவசியமில்லை. நான் சின்னப் பையன். அன்று எனக்குப் புரிந்தது கொஞ்சம், பின்னால் பெரியவர்கள் சொல்லித் தெரிந்தது அதிகம். சினிமாவில் வந்த மாதிரி பெரிய கூடமோ, நிறைந்த சபையோ, கண்ணீர் விடும் நீதிபதியோ அங்கே இல்லை. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-ஆவது பிரிவு என்று ஒன்று. தகப்பனால் கைவிடப்பட்ட குழந்தைக்கு, அது கலியாணத்துக்கு வெளியே பிறந்ததாக இருந்தாலும், ஜீவனாம்சம் கேட்கலாம். குழந்தைக்குத்தான், தாய்க்கு அல்ல. தாய் மனைவி இல்லையே! எவ்வளவு கேட்கலாம்? மாதம் 500 ரூபாய்க்கு மேல் கொடுக்கக் கோர்ட்டுக்கே அதிகாரம் கிடையாது. அந்த 500 ரூபாயும் 1955-இல் பழைய சட்டத்தில் வைத்த உச்சவரம்பு. 1973-இல் புதுச் சட்டம் எழுதியவர்கள் அதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

அக்காவின் வழக்கு இரண்டு வருஷம் நடந்தது. தம் வழக்குக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத மனிதர்களின் நடுவே, யாரோடு சினிமாவுக்குப் போனாய், எத்தனை மணிக்குத் திரும்பினாய், அதற்கு முன்னால் யாரோடு பழகினாய் என்று கேட்டார்கள். சாட்சியின் நடத்தையைக் குலைக்கக் கேள்வி கேட்கலாம் என்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. அவமானப்படுத்துவதற்காகவே கேட்கும் கேள்விகளை நீதிபதி தடுக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்லியிருந்தது. முதல் விதி எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. இரண்டாவது விதி ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

கடைசியில் மாதம் 150 ரூபாய் என்று தீர்ப்பாயிற்று. ஏழு மாதம் பணம் வந்தது. பிறகு வரவில்லை.

இதையெல்லாம்விட எனக்கு இன்றைக்கும் உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. தேநீர்க் கடையில் நின்று ராதாவுக்காகக் கண்கலங்கியவர்கள் இருந்தார்களே, அவர்கள் அக்கா அந்தப் பக்கம் போகும்போது என்ன செய்தார்கள் தெரியுமா? "என்னம்மா ராதா, கேஸ் என்னாச்சு?" என்று கேட்டுச் சிரித்தார்கள். ஒலிநாடாவில் அழுத ராதாவுக்குக் கண்ணீர். ரோட்டில் நடந்த ராதாவுக்கு இளிப்பு. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அப்படிச் சிரிக்கவில்லை. அவர்கள் அனுதாபப்பட்டார்கள். "பாவம், நல்ல பெண். என்ன செய்வது, அவள் விதி" என்றார்கள். இந்த இரண்டில் எது கொடுமை என்று எனக்கு இப்போதும் நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

அக்காவுக்கு இப்போது அறுபது வயதுக்கு மேல் ஆகிறது. மகள் படித்து, வேலைக்குப் போய், தாயாரைத் தன்னோடு வைத்துக்கொண்டிருக்கிறாள். ஒலிநாடா வாங்கிய மறுவாரம் நான் போய்ப் பார்த்தேன். அதை அவரிடம் காட்டலாமா, வேண்டாமா என்று தயங்கினேன். காட்டிவிட்டேன்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தப் படத்தை நான் முழுசாப் பார்த்ததே இல்லை, தம்பி. அந்த டீக்கடையில கேட்டதே ஜென்மத்துக்கும் போதும். ஆமா, கடைசியில அந்தப் பையன் மனசு மாறி வந்து கேக்கறானாம், அந்தப் பொண்ணு வேணாம்னு சொல்லிடறாளாம். நிஜமா?"

"ஆமாம் அக்கா. அதுதான் படத்திலேயே நல்ல இடம்."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அவன் வந்து கேட்டதாலதானே அவளால வேணாம்னு சொல்ல முடிஞ்சுது? என்கிட்ட ஒருத்தரும் வந்து கேக்கலியே."

எனக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை. அந்தக் கடைசிக் காட்சியை முப்பது வருஷமாகப் புரட்சி என்று புகழ்ந்து வந்தவன் நான்.

*

படம் வந்த அதே 1984-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் என்ற விஞ்ஞானி, ஒருவருடைய மரபணுவை வைத்து அவரை அடையாளம் காணும் வழியைக் கண்டுபிடித்தார். அதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனையால் 'இவன் தகப்பன் அல்ல' என்று சில சமயம் சொல்ல முடியும். 'இவன்தான் தகப்பன்' என்று சொல்ல முடியாது. இந்தப் புதிய வழி நம் நாட்டுக் கோர்ட்டுக்குள் எப்படி வந்தது தெரியுமா? கேரளத்தில் தலச்சேரியில் ஒரு பெண் தன் குழந்தைக்கு ஜீவனாம்சம் கேட்டுப் போட்ட வழக்கில் வந்தது. அவன் மறுத்தான். ஹைதராபாத்தில் இருக்கும் உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆராய்ச்சி மையத்துக்கு ரத்தம் போயிற்று. விடை வந்தது. 1991-இல் கேரள உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. சகுந்தலைக்கு அசரீரி வேண்டியிருந்தது. ராதாவுக்கு ஒரு பெண் வக்கீலின் பழைய சோகம் வேண்டியிருந்தது. தலச்சேரிப் பெண்ணுக்குக் கொஞ்சம் ரத்தம் போதுமாக இருந்தது. கண்ணகியின் சிலம்பு திரும்பக் கிடைத்துவிட்டது!

சட்டமும் சும்மா இருக்கவில்லை. 2001-இல் அந்த 500 ரூபாய் வரம்பை நாடாளுமன்றம் எடுத்தது. 1955-லிருந்து கணக்குப் பார்த்தால் 46 வருஷம். கற்பழிப்பு வழக்கில் முறையிட்ட பெண் பொதுவாக நடத்தை கெட்டவள் என்று காட்டி அவள் சாட்சியத்தைத் தள்ளலாம் என்ற 130 வருஷத்துப் பழைய விதியை, 2002-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் நீக்கியது. கலியாணம் செய்துகொள்ளும் எண்ணமே இல்லாமல் வாக்குக் கொடுத்து ஒரு பெண்ணோடு கூடுவது தனிக் குற்றம், பத்து வருஷம் வரை தண்டனை என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-ஆவது பிரிவு சொல்கிறது. அது 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. இந்தச் சட்டம் சரியா, அளவு மீறியதா என்று வக்கீல்கள் வாதாடுகிறார்கள். வாதாடட்டும். அவர்கள் வாதாடுவது ஒரு மனிதன் செய்த காரியத்தைப் பற்றி. தலையெழுத்தைப் பற்றி அல்ல. எனக்கு அது போதும்.

இங்கேதான் என் வக்கீல் நண்பரின் சிலேடைக்குத் திரும்பி வருகிறேன். அவர் சொன்னது சரி. விதி என்றால் சட்டமும்தான். 500 ரூபாய் என்பது ஒரு விதி. அதை எந்தப் பிரம்மாவும் அக்காவின் நெற்றியில் எழுதவில்லை. டில்லியில் மேஜை போட்டு உட்கார்ந்து, பேனா பிடித்து, மனிதர்கள் எழுதினார்கள். 46 வருஷம் கழித்து வேறு மனிதர்கள் அதை அடித்தார்கள். அக்காவைக் கூண்டில் நிற்கவைத்துச் சிரிக்க இடம் கொடுத்ததும் மனிதன் எழுதிய விதிதான். அதைத் தடுத்திருக்க வேண்டியதும் மனிதன் எழுதிய விதிதான். படத்துக்கு 'விதி' என்று பெயர் வைத்தவர்கள் இதை மனத்தில் வைத்திருந்தால் நான் அவர்களைக் கும்பிடுவேன். ஆனால் அந்த அர்த்தத்தில் அதைக் கேட்க நமக்குக் காது பழகவில்லை. அந்தக் குற்றம் அவர்களுடையது மட்டும் அல்ல, நம்முடையதும்.

இன்னொரு குற்றமும் உண்டு. அதைச் சொல்லாமல் முடித்தால் ஒரு நாவலாசிரியன் என்ற முறையில் எனக்குப் பாவம் சேரும். இந்தப் படத்தின் நடிகர்களைத் தெரியும், வசனம் எழுதியவரைத் தெரியும் என்று சொல்லும் ரசிகர்கள் பலரிடம், "மூலக்கதை யாருடையது?" என்று கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு பெண் எழுதிய கதை என்பது கூடத் தெரியவில்லை. தெலுங்கு எழுத்தாளர் நமக்குத் தூரம் என்று வைத்துக்கொள்வோம். இதே திருவல்லிக்கேணியில் வாழ்ந்து, 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதிய வை. மு. கோதைநாயகி அம்மாளைத் தூரம் என்று சொல்ல முடியுமா? அவர் 1960-இல் காலமானார். அவருடைய 'தயாநிதி' என்ற நாவல்தான் 1966-இல் 'சித்தி' என்ற படமாக வந்து ஊரையே அழவைத்தது. 'சித்தி'யில் பத்மினியை நினைவு வைத்திருக்கும் எங்கள் பேட்டைக்காரர்களில் எத்தனை பேர் அம்மாளின் பெயரைச் சொல்வார்கள்? கதைக்குள் இருக்கும் பெண்ணுக்காக அழுவோம். கதையை எழுதிய பெண்ணை மறப்போம். டீக்கடையில் அக்காவுக்கு நடந்ததும் இதே ரகம்தான்.

நான் 'விதி'யைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பாருங்கள். சுஜாதாவின் நடிப்புக்காகப் பாருங்கள். ஆரூர்தாஸின் தமிழுக்காகப் பாருங்கள். ஆனால் பார்க்கும்போது மூலத்தின் பெயரை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். அவள் கேட்டது நியாயம்.

இனிமேல் உங்கள் தெருவில் ஒரு பெண் கூண்டில் ஏறி இறங்கி வரும்போது யாராவது பெருமூச்சு விட்டு, "எல்லாம் விதி" என்று சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "விதித்தது யார்?" பெயர் சொல்லச் சொல்லுங்கள். ஏமாற்றியவனின் பெயர், பணம் அனுப்பாதவனின் பெயர், கேள்வியைத் தடுக்காமல் உட்கார்ந்திருந்தவரின் பெயர், டீக்கடையில் சிரித்தவனின் பெயர். முற்றத்தில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு சின்னப் பெண் அழுகிற வரைக்கும் குறுக்கு விசாரணை செய்த பையன்களின் பட்டியலும் அதில் சேரும். அதில் என் பெயரும் இருக்கிறது.